சாம்பமூர்த்தியின் மூக்கடைப்பு

மயிலாப்பூரில் திவசச் சமையல் என்றால் சாம்பமூர்த்தியைத்தான் கூப்பிடுவார்கள். பித்ருக்களுக்குப் படைக்கும் வரை எதையும் ருசி பார்க்கக் கூடாது. அதனால் கொதிக்கிற ஆவியை முகர்ந்தே உப்பின் அளவைச் சொல்லிவிடுவார். அதை ஞானம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பழக்கம் என்றால் போதும். ஆனால் அவருடைய பிழைப்பு அந்த மூக்கில் இருந்தது.

1994 மே மாதம், சித்திரக்குளம் அருகே, வங்கி அதிகாரி சங்கரனின் அப்பா திவசத்தன்று அந்த மூக்கு அடைத்துக்கொண்டது.

"மாமி, ரசம் கொதிக்கறது. ஒரு வாசனையும் தெரியலை" என்றார், சங்கரனின் மனைவி விசாலாக்ஷியிடம்.

"மிளகுக் கஷாயம் போட்டுத் தரட்டுமா?"

"வைதீகாள் சாப்பிடற வரைக்கும் என் வாயில பச்சைத் தண்ணி கூடப் படப்படாது."

ஆகவே வைத்தியமும் மூக்கு வழியாகத்தான். ஜலதோஷத்துக்குக் கைகண்ட மருந்தான மிளகு ரசமோ எதிரிலேயே கொதித்துக்கொண்டிருந்தது. விசாலாக்ஷி கொல்லையில் நொச்சி ஒடித்து வந்து ஆவி போட்டாள். கம்பளிக்கு மடி கெடாது, தீட்டு ஒட்டாது என்பதால் அக்கினி நட்சத்திரத்தில் கம்பளி போர்த்தினாள். ஆள் நனைந்தார், மூக்கு திறக்கவில்லை. மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகையை உறிஞ்சச் சொன்னாள். கண்தான் கலங்கியது. கடைசியில் வறுத்த ஓமத்தைத் துணியில் முடிந்து நீட்டினாள். ஒரே இழுப்பு. கிணற்றடிக்கு ஓடித் தும்மித் தள்ளினார்.

"திறந்துடுத்து மாமி!"

மறுபடி குளித்துவிட்டு வந்து ரசத்தை முகர்ந்தார். ஓமமும் மஞ்சள் புகையும்தான் அடித்தன. உப்பு பிடிபடவில்லை; போதாதென்று ஒரு கை போட்டார். முகர்ந்தார். இன்னொரு கை.

பித்ருக்களின் இடத்தில் சாப்பிட அமர்ந்த வைதீகர்கள் இருவரும் குறை சொல்லக் கூடாது என்பது விதி. தண்ணீர்ச் சொம்பு மட்டும் அடிக்கடி காலியானது. "திருப்திதானே?" என்று சங்கரன் முறைப்படி கேட்டார். "திருப்தி" என்றார்கள். சாஸ்திரம் வேறு பதிலை வைக்கவில்லை.

பிறகு வீட்டார் உட்கார்ந்தார்கள்.

"என்ன ஓய், பீச்சுத் தண்ணியை மொண்டுண்டு வந்துட்டீரா?" என்றார் சங்கரன்.

சாம்பமூர்த்தி கரண்டியில் எடுத்துக் குடித்துப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"இனிமே வேற ஆளைப் பார்த்துக்கோங்கோ அண்ணா. யார் ஆத்துக்கும் நான் போகப் போறதில்லை."

விசாலாக்ஷி குறுக்கிட்டாள். "ஏன்னா, பிளட் பிரஷர்னு உங்கப்பாவுக்குக் கடைசி வரைக்கும் உப்பையே கண்ணுல காட்டலை. இன்னிக்குத்தான் மனுஷர் ஆசை தீரச் சாப்ட்டிருப்பார்."

சங்கரன் ரசம் சாதத்தில் இன்னொரு கவளம் எடுத்து விழுங்கினார்.

"அடுத்த வருஷமும் நீர்தான் வரணும் ஓய்" என்றார். "இப்ப எனக்கு மோர் விடும், சீக்கிரம்."