வெடிப்பு விட்ட ஏரி

எங்கள் மகன் கனடாவில் இருக்கிறான். போன தை மாதம் அவனும் மருமகளும் வடக்கே ஓர் ஏரிக்கரைக்கு விடுமுறைக்குப் போகத் திட்டம் போட்டார்கள். ஏரி முழுக்க உறைந்து கிடக்குமாம். அதன் மேலேயே ஸ்னோமொபைல் என்ற பனி வண்டியை ஓட்டிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்களாம். சோறு தின்ன ஒரு ஏரியையா தாண்ட வேண்டும் என்று கேட்டேன்.

தினமும் சாயங்காலம் வீடியோ காலில் இதே பேச்சு. எந்த மரவீடு, எத்தனை ஸ்வெட்டர், எந்தக் கையுறை. எனக்கு அந்தப் பனிக்கட்டிக்கு அடியில் இருக்கும் தண்ணீரைத் தவிர வேறெதுவும் மனதில் ஏறவில்லை. மருமகளுக்கும் அப்படித்தான். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண், நீச்சல் தெரியாது. "நான் கரையில இருந்து வேடிக்கை பார்க்கிறேன் அத்தை. அதுமேல ஏறமாட்டேன்" என்றாள். அவள் கட்சியில் நான் ஒருத்திதான்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரே உற்சாகம். மகன் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம். "அந்த வண்டி நம்ம அறுப்பு மிஷின் மாதிரிதாம்ப்பா. அடியில சக்கரத்துக்குப் பதிலா பெல்ட் ஓடும்." போதாதா! எங்கள் ஊரில் யார் வயலில் மிஷின் இறங்குவதென்றாலும் முதலில் இவரைத்தான் கூப்பிடுவார்கள். வரப்பிலிருந்து இறங்கி, குதிகாலால் நாலு மிதி மிதித்து, "இறக்கு" என்றால் இறக்குவார்கள். "வேண்டாம்" என்றால் இன்னும் கொஞ்ச நாள் காய விடுவார்கள். அந்தப் பெருமையைக் கனடா வரைக்கும் கொண்டுபோக இவருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் மகன் ஒரு போட்டோ அனுப்பினான். அந்த ஏரிக்குப் போய்வந்த நண்பன் எடுத்தது. வெள்ளைப் பரப்பில் நீளநீளமாகக் கறுப்புக் கோடுகள் ஓடின. மருமகள் அதைப் பார்த்தே அரண்டு போயிருந்தாள். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"வெடிப்பு விட்டிருக்கு பாரு. நல்லா இறுகிடுச்சுன்னு அர்த்தம். தைரியமா இறக்கலாம்டா."

"ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்லுவாங்க. நீங்க போன்லயே காலை விடுறீங்களே" என்றேன்.

மகன் சிரித்தான். மருமகள் சிரிக்கவில்லை. ஆனாலும் மாமனார் சொன்ன பிறகு மறுத்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. "சரிங்க மாமா" என்றாள். அந்தச் 'சரி' எனக்குப் பிடிக்கவே இல்லை.

அவர்கள் ஏரிக்குக் கிளம்பிய அன்று எங்கள் வயலில் அறுப்பு. நீடாமங்கலத்திலிருந்து மிஷின் வந்திருந்தது. வடிகாலை ஒட்டிய வயலில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. இவர் மிதித்துப் பார்த்து "இறக்கு" என்றார். பாதி வயல் வரை நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெல்ட் மறைந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிறு வரை உள்ளே போய்விட்டது. டிரைவர் மேட்டுப் பக்கமாகக் குதித்துத் தப்பினார். பக்கத்து வெடிப்புகளிலிருந்து கறுப்புத் தண்ணீர் மெதுவாக மேலே வந்தது.

இவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பையனுக்குப் போன் போடுங்க" என்றேன்.

"இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நீங்கதானே சம்பந்தம் இருக்குன்னு சொன்னீங்க!"

அவர் போடவில்லை. காலில் சேற்றோடு வரப்பிலேயே நின்றார். நான் போட்டேன். மகனுக்கும் போகவில்லை, மருமகளுக்கும் போகவில்லை. ஏரிப் பக்கம் டவர் கிடையாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொன்னது ஞாபகம் இருந்தும் போட்டுக்கொண்டே இருந்தேன். மறுநாளும் அப்படியே. வடித்த சோறு வடித்தபடி இருந்தது. இவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் மருமகள் கூப்பிட்டாள். வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"நடு ஏரியில அடியிலேர்ந்து டமார்னு ஒரு சத்தம் அத்தை. எங்களுக்கு முன்னாலேயே ஒரு கோடு ஓடுச்சு. திரும்பிடலாம்னு கத்தினேன். வெடிப்பு விட்டா நல்லதுதான், அப்பா பார்த்துச் சொல்லியிருக்காருன்னு இவங்க நிறுத்தவே இல்லை."

பக்கத்தில் இவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மகன் போனை வாங்கினான். அடுத்த வருஷத்துக்கும் அதே மரவீட்டைச் சொல்லி வைத்துவிட்டானாம். "இன்னும் வடக்க பெரிய ஏரி ஒண்ணு இருக்குப்பா. போட்டோ அனுப்புறேன், பார்த்துச் சொல்லுங்க."

இவர் எழுந்து நின்றுவிட்டார். "எனக்கு அந்தத் தரை தெரியாதுடா" என்றார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் தெரியாது என்று இவர் வாயால் நான் கேட்டதில்லை. "அது தரையே இல்லடா."

"விளையாடாதீங்கப்பா" என்று அவன் சிரித்தான்.

அதற்குள் போட்டோ வந்துவிட்டது.