பன்றிக்குக் கட்சி கிடையாது

அர்லிஸ் டோலஃப்சன் முப்பத்தொரு வருடம் விதைக் கம்பெனியின் விதைப்பட்டியலுக்கு மெய்ப்புப் பார்த்தவள். பக்கத்து மேசை என்னுடையது. தெற்கு டகோட்டாவில் எங்கள் பக்கத்து விவசாயிகள் அந்தப் பட்டியலை நம்பித்தான் விதை வாங்குவார்கள். விதை எண் ஒன்று மாறினால் ஒருவனுடைய பருவமே போய்விடும். அதனால் அவளுக்குப் பிழை என்றால் அழுகிய முட்டை மாதிரி, முகம் சுளித்துவிடும்.

அரசியலில் அவள் எங்கள் எல்லாரையும்விடப் பிடிவாதக்காரி. தேர்தல் வந்தால் வீட்டு முன்னால் முதலில் நிற்பது அவளுடைய கட்சிப் பலகைதான். ஆகவே, எங்கள் தேவாலயத்தில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர்களுக்கு ‘உண்மைக் களஞ்சியம்’ என்ற இணையக் கலைக்களஞ்சியத்தைக் கர்டிஸ் ஹாக்லண்ட் சிபாரிசு செய்தபோது அவள்தான் முதலில் கை தட்டினாள். கர்டிஸ் காப்பீட்டு முகவர். அந்தப் பெற்றோர் குழுவுக்குத் தலைவர்.

"மத்ததெல்லாம் எதிர்க்கட்சிக்காரன் எழுதினது. இது நம்ம ஆளுங்களே எழுதினது" என்றார்.

அன்று மாலையே அவள் அதைத் திறந்து ‘பன்றி’ என்று தேடினாள். அவள் கணவன் வெண்டல் நானூறு பன்றி வளர்ப்பவன். மொத்தம் ஆறு வரி. பன்றி ஆறு மாதம் சினையாக இருக்கும் என்றது ஒன்று. பன்றி ஒரு பிராணி என்றது இன்னொன்று. மீதி நான்கும், எதிர்க்கட்சிக்காரர்களுக்குப் பன்றிக்கறி ஏன் பிடிக்காது என்பதைப் பற்றி.

"மூணு மாசம், மூணு வாரம், மூணு நாளுன்னு இந்த ஊர்ல தொட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியுமே! என்ன கண்றாவி இது?" என்று எனக்குப் போன் செய்து கத்தினாள்.

யார் வேண்டுமானாலும் அதில் திருத்தலாம் என்று போட்டிருந்தது. திருத்தினாள். காலையில் பழையபடி ஆறு மாதம். கீழே, ‘சுதந்திரக் கழுகு’ என்ற பெயரில் நிர்வாகி ஒருவர் ஆதாரம் கேட்டிருந்தார். "எங்கள் கொட்டகைக்கு வாருங்கள், காட்டுகிறேன்" என்று எழுதினாள். அதையும் அழித்துவிட்டார்கள்.

அவள் விடவில்லை. திமிங்கலம் மீன் இல்லை என்று திருத்தினாள். நார்வேயின் தலைநகரம் ஸ்டாக்ஹோம் இல்லை என்று திருத்தினாள். இரண்டு வாரத்தில் எழுபது பக்கம். ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் அவளை உள்ளே வரவிடாமல் தடுத்துவிட்டார்கள். காரணம்: ‘இடதுசாரி ஊடுருவல்’.

"அதாவது நான்!" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். மேசையில் ஓங்கி அறைந்தாள். "பொய்யன்னா பொய்யாவது ஒழுங்கா சொல்லணும். இவனுங்க சோம்பேறிங்க. நம்ம பேரைச் சொல்லிக்கிட்டு சாக்கடையை ஊத்துறானுங்க."

அடுத்த ஞாயிறு, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பிக்குப் பிறகு, களஞ்சியத்தைப் பாடத்துக்கு வைத்துக்கொள்வதா என்று ஓட்டெடுப்பு. அர்லிஸ் அச்செடுத்த தாள்களோடு எழுந்து ‘பன்றி’யை வாசித்தாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் பன்றி வளர்ப்பவர்கள்; சிரித்தார்கள். ‘நார்வே’யை வாசித்ததும் யாரும் சிரிக்கவில்லை. அந்த அறையில் முக்கால்வாசிப் பேருக்குப் பூட்டனார் ஊர் அது.

"சின்னச் சின்னப் பிழைங்க, அர்லிஸ்" என்றார் கர்டிஸ். "நோக்கத்தைப் பாருங்க."

"கர்டிஸ், என் வீட்டுக்குக் காப்பீட்டுப் பத்திரம் எழுதும்போது பக்கத்து வீட்டு விலாசத்தைப் போட்டா, நோக்கத்தைப் பாருன்னு சொல்வீங்களா?"

"நீங்க யார் பக்கம்னே புரியலையே."

"பன்றிக்கு நூத்திப் பதினாலு நாள். அந்தப் பக்கம்."

பின்வரிசையிலிருந்து வெண்டல் மட்டும் கை தட்டினான்.

எண்ணிப் பார்த்தார்கள். களஞ்சியத்துக்கு ஆதரவாகப் பதினொன்று, எதிராக ஒன்பது. சிரித்தவர்களிலும் சிலர் கர்டிஸுக்கே கை தூக்கினார்கள். என் மைத்துனனும்தான். வெளியே வந்து கேட்டேன். "தப்புதான், தெரியும். ஆனா நம்மளுது" என்றான்.

அர்லிஸ் இன்றும் அதே கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறாள் என்று நினைக்கிறேன். கேட்க எனக்குத் தைரியமில்லை. தேவாலயத்தில் அதே வரிசையில்தான் உட்காருகிறாள். ஆராதனையின் நடுவே எல்லாரும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரத்தில் கர்டிஸ் கையை நீட்டுவார். கொடுப்பாள். கொடுத்துவிட்டு, அவர் பார்க்கும்போதே உள்ளங்கையை மேல்கோட்டில் துடைத்துக்கொள்வாள்.