கட்டிங் மெஷினுக்காக ஒரு ஜெபக்குறிப்பு

நான் பாதுகாப்பு அலுவலர் ஆனது தகுதியால் அல்ல. பாறசாலையிலிருந்து குன்னத்துகாலுக்குப் போகிற வழியில் இருக்கும் எங்கள் அச்சகத்தில், ஆள் இல்லாவிட்டாலும் வேலை நிற்காத ஒரே நாற்காலி என்னுடையது. தமிழிலும் மலையாளத்திலும் பிழை திருத்துவது என் வேலை. நெய்யாற்றின்கரையில் சிறு தொழிற்கூடங்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடக்கிறது, இடத்துக்கு ஒருவர் வரவேண்டும் என்று அழைப்பு வந்தபோது, முதலாளி அச்சகத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பார்வை கடைசியில் என்மேல் வந்து நின்றது.

"சாரே, நீங்க சும்மாதானே இருக்கிய?"

என் இத்தனை வருட வாசிப்பைப் பற்றி இவ்வளவு சுருக்கமான மதிப்புரையை அதுவரை யாரும் சொன்னதில்லை.

பயிற்சியில் மதியம் மீன்கறியோடு சாப்பாடு போட்டார்கள். மற்றபடி சாரம் இவ்வளவுதான்: தொழிலாளி ஆபத்தைக் கண்டால் சொல்லவேண்டும், முதலாளி அதைச் சரிசெய்யவேண்டும், சரியாகும்வரை அந்த வேலை நிற்கவேண்டும். இதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு முழுநாளும் நூற்றுக்கணக்கான படங்களும் தேவைப்பட்டன. திரும்பும்போது எனக்கு ஓர் ஆரஞ்சு நிற மேல்சட்டை கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு அச்சகத்துக்குள் நுழைந்தேன். "ரோடு வேலை தொடங்கியாச்சா சார்?" என்றார் அச்சு மெஷின்காரர்.

ஆபத்துகளை எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தேன். மிட்டாய்க் காகிதமும், பரிசு விழாத லாட்டரிச் சீட்டும் விழுந்தன. ஆபத்து ஒன்றும் விழவில்லை. காரணம் எனக்குத் தெரியாததல்ல. முதலாளியிடம் போய் 'உங்க மெஷின் சரியில்லை' என்பது எங்கள் பக்கத்தில் 'உங்க மக கல்யாணத்துச் சாம்பாரில் உப்பில்லை' என்பதற்குச் சமம். தின்றுவிட்டு யார் சொல்வது?

ஆனால் எங்களிடம் இன்னொரு வழி இருந்தது. முதலாளி பழைய மிஷன் சபைக் குடும்பத்துக்காரர். காலையில் ஷட்டர் தூக்கியதும் எல்லாரும் காகிதக் கட்டுகளுக்கு நடுவே நிற்க, அவர் ஒரு சின்ன ஜெபம் செய்வார். அதற்கு முன், "ஜெபக்குறிப்பு ஏதும் உண்டா மக்களே?" என்று கேட்பார். யாருக்கு என்ன தேவையோ அதைச் சொல்லவேண்டும். அவர் அதைத் தன் ஜெபத்தில் சேர்த்துக்கொள்வார். மகனுக்கு வேலை, மாட்டுக்குச் சினை, மழை என்று எல்லாம் வரும். எங்களில் பாதிப்பேர் இந்துக்கள். அவர்களும் கூச்சமில்லாமல் சொல்வார்கள். நல்ல காரியத்தை இரண்டு இடத்தில் சொல்லிவைப்பதில் என்ன நஷ்டம்?

ஒரு திங்கட்கிழமை, கட்டிங் அக்கா வாய் திறந்தார். காகிதம் வெட்டும் மெஷினை ஓட்டுகிறவர். என்னைவிட இளையவர்தான், ஆனால் முதலாளி உட்பட எல்லாருக்கும் அக்கா.

"கட்டிங் மெஷினுக்க இடத்து பட்டன் ஒட்டிக்கெடக்கு. எனக்க கையக் காக்கணும்."

இதன் அர்த்தம் அங்கு நின்ற எல்லாருக்கும் தெரியும். அந்த மெஷினில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் கத்திக்கு அடியில் இருக்காது அல்லவா, அதற்கான ஏற்பாடு. இடதுபக்கப் பொத்தான் அழுத்தினபடியே ஒட்டிக்கொண்டுவிட்டால், வலதுபக்கத்தைத் தொட்டாலே போதும், கத்தி இறங்கிவிடும். இடது கை எங்கே இருக்கிறது என்று அது கேட்காது.

முதலாளி கண்ணை மூடினார். உருகித்தான் ஜெபித்தார். தமிழில் தொடங்கி, உணர்ச்சி ஏறியதும் வழக்கம்போல மலையாளத்துக்குள் போய், அக்காவின் பத்து விரலையும் தேவன் கையில் ஒப்படைத்தார். நாங்கள் எல்லாரும் ஆமென் என்றோம். நான் ஆரஞ்சுச் சட்டையில் ஆமென் என்றேன். பிறகு அவரவர் வேலைக்குப் போனோம். அக்கா அந்த மெஷினுக்கே போனார். சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, கேட்கவேண்டியவரும் கேட்டாகிவிட்டது என்ற திருப்தி எங்கள் எல்லாருக்கும் இருந்தது.

வழி திறந்துவிட்டதால் மற்றவையும் வரத்தொடங்கின. ஏணியின் உடைந்த படி, மழை ஒழுகும் சுவிட்ச் போர்டு, சாயா போடும் அடுப்புப் பக்கத்திலேயே இருக்கும் மண்ணெண்ணெய்க் கேன். ஜெபம் நீண்டு, பாலில்லாத கட்டன்சாயா ஆறிப்போனது. என் பயிற்சி ஒருநாள் மட்டும் உறுத்த, முதலாளியின் அறைக்குப் போனேன்.

"அந்த பட்டன்..." என்றேன்.

"பார்ட்டு வரணும் சாரே. கல்யாண சீசன் கழியட்டு. அதான் ஜெபிச்சாச்சே."

ஜெபம் போதாது என்று முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு அந்த நூற்றுக்கணக்கான படங்களில் ஒன்றுகூட இல்லை. வெளியே வந்து ஒரு காற்புள்ளியைத் திருத்தினேன்.

அந்த வாரமே, குன்னத்துகால்காரர் ஒருவர் தம் மகளின் கல்யாணத்துக்குக் கொடுத்திருந்த அழைப்பிதழை அக்கா வெட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்குத் தமிழ்ப்பக்கம், பெண்வீட்டுக்கு மலையாளப்பக்கம். அடுக்கை நேராக்க இடது கையை உள்ளே விட்டபோது அவருடைய வலது முழங்கை வலதுபக்கப் பொத்தானில் பட்டது. கத்தி இறங்கியது.

அச்சு மெஷினை யாரோ நிறுத்தினார்கள். அக்கா கையை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். நடுவிரல் நகத்தின் வெள்ளை ஓரம் மட்டும் இல்லை. அளந்து வெட்டியதுபோல நேர்கோடு.

"நல்ல மூர்ச்ச உண்டு கத்திக்கு" என்றார், அதன் கூர்மையைச் சொல்லி.

யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியை அவரால் திறக்க முடியவில்லை. நான் வாங்கித் திறந்துகொடுத்தேன்.

மறுநாள் காலை முதலாளி வழக்கம்போலக் கேட்டார். "ஜெபக்குறிப்பு உண்டா மக்களே?" கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணு உண்டு" என்றார் அக்கா. "பட்டன் செரியாவுறது வரைக்கும் நான் மெஷின்ல கை வைக்கமாட்டேன்."

முதலாளி கண்ணைத் திறக்காமலே, "அது ஜெபக்குறிப்பு இல்லியே அக்கா" என்றார்.

"இல்ல மொதலாளி. இது கர்த்தருக்கு இல்ல. ஒங்களுக்காக்கும்."

முதலாளி கண்ணைத் திறந்தார். எங்கும் பார்க்க முடியாமல் என்னைப் பார்த்தார்.

"சாரே, நீங்கதானே சேஃப்டி. மத்தியானம் அந்தக் கல்யாணக்காரரு கார்டு வாங்க வாறாரு. என்ன செய்யணும்?"

இவ்வளவு பேர் முன்னால் ஒரு வாக்கியத்தை முடிக்க நான் பட்ட பாட்டை எந்த எழுத்திலும் பட்டதில்லை. "நிறுத்தணும்" என்றேன். ஒரு சொல்தான்.

அவர் போய் மெஷினின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மெக்கானிக்குக்கு ஃபோன் செய்தார். சீசன் கழிவதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

மத்தியானம் பெண்ணின் தகப்பனார் வந்தபோது, முதலாளியும் நானும் இரும்பு அளவுகோலும் பேப்பர் கத்தியுமாக அழைப்பிதழ்களைக் கையால் அறுத்துக்கொண்டிருந்தோம். அவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன சாரே, ஒருபக்கம் மலை, ஒருபக்கம் கடலுன்னு சரிஞ்சு கெடக்கு?"

"கோணல் பேப்பருக்குத்தானே? விரலுக்கு இல்லியே" என்றார் முதலாளி.

"விரலா?" என்றவரிடம் அக்கா தன் நகத்தைக் காட்டினார். அவர் அதையும் அழைப்பிதழையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "சரி, நாளைக்கு வாறேன். அந்த மெஷினு நன்னாகட்டே" என்று போய்விட்டார்.

சாயங்காலம் மெக்கானிக் பார்ட்டோடு வந்து பொத்தானை மாற்றினார். அக்கா வலதுபக்கத்தை மட்டும் அழுத்தினார்; கத்தி அசையவில்லை. இடதுபக்கத்தை மட்டும் அழுத்தினார், அசையவில்லை. இரண்டையும் சேர்த்து அழுத்தினார். வெற்றுக் காகிதம் இரண்டாகியது. அப்போதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. முதலாளியைக் கூப்பிட்டு அவர் கையாலும் ஒருமுறை அழுத்திப் பார்க்கவைத்தார். அவர் அழுத்திவிட்டுத் தன் விரல்களைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்தநாள் காலை எல்லாரும் கூடினோம். முதலாளி கண்ணை மூடவில்லை.

"முதல்ல எனக்குள்ளதச் சொல்லுங்கோ மக்களே. கர்த்தருக்குள்ளது பொறவு."

பழக்கமில்லாத கேள்வி அல்லவா. பின்வரிசையிலிருந்து மெஷின்காரர்தான் மெதுவாகத் தொடங்கினார்.

"ஏணி, மொதலாளி."

"பொறவு?"

"சுவிட்ச் போர்டு" என்றாள் பைண்டிங் பெண் ஒருத்தி. அதற்குப்பின் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து, முதலாளி கைகாட்டி நிறுத்தவேண்டிவந்தது. அன்றைக்கு ஜெபம் தொடங்கத் தாமதமாயிற்று. தொடங்கியபின் சீக்கிரமே முடிந்தும்விட்டது.