போன் எழுதிய மைனா

எங்கள் பள்ளி நிர்வாகத்துக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. தமிழ் ஆசிரியர்கள் எல்லோரும் இணையவழியில் 'டிஜிட்டல் எழுத்து' கற்பிக்கும் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். ஒரு வகுப்பைத் தவறவிட்டாலும் சான்றிதழ் கிடையாது. அது இல்லாதவர்களுக்கு அடுத்த ஆண்டு வேலை கிடையாது. சனிக்கிழமைதோறும் காலையில் திரையில் ஒரு பயிற்றுநர் வந்து, ஒரே கோப்பில் எல்லோரும் சேர்ந்து எழுதுவது எப்படி என்று தேனொழுகப் பேசுவார். எங்கள் மைக்குகளை எல்லாம் அவரே அணைத்து வைத்திருப்பார். வாத்தியார்களைப் பேசவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த மனிதர்.

என்னோடு அந்தப் பயிற்சியில் மாட்டிக்கொண்டவள் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுப்பவள். மண்ணூர்பேட்டையில் தொழிற்பேட்டை எஸ்டேட் மதிலை ஒட்டிய தெருவில் வீடு. அவளும் அவள் அப்பாவும் மட்டும்தான். கம்பெனிகளில் லோடு ஏற்றி இறக்கி அவளைப் படிக்க வைத்த மனிதர், இதயம் பழுதாகிக் கட்டிலோடு கிடந்தார். தனியாக விட முடியாது. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துதான் அவள் சனிக்கிழமை வகுப்பைக் கவனித்தாள்.

அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசிரியர் அறையில் போனை எடுத்து, "நைனா, மாத்திர போட்டுகினியா?" என்று கேட்டுவிட்டாள். "தமிழ் மிஸ்ஸோட தமிழைக் கேளுங்க" என்று ஒருத்தி சொல்ல, அறையே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் தலையே நிமிரவில்லை. அன்றிலிருந்து பள்ளியில் 'எங்க அப்பா'தான். என்னிடம் மட்டும் நைனா.

அவளுக்குத் தமிழ் டைப்பிங் வராது. பேசினால் போனே எழுதிக்கொள்ளும் வசதியைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் போனுக்கோ மெட்ராஸ் பாஷை என்றால் ஆகவே ஆகாது. "எங்க ஊட்ல தண்ணி வரல" என்று விளையாட்டுக்குச் சொல்லிப் பார்த்தாள். 'எங்கள் ஊட்டியில் தண்ணீர் வரவில்லை' என்று எழுதியது. "இன்னாக்கா இது, நம்மள ஊட்டிக்கு அனுப்பிட்ச்சி!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

கடைசி வகுப்பில் 'என் அறை' என்ற தலைப்பு. லேப்டாப்பில் பயிற்றுநர், அவள் கையில் போன். கோப்பில் என் பத்திக்கு நேர் கீழே அவள் பத்தி. 'எனது அறையில் ஒரு சன்னல் உள்ளது. அதன் வழியே காற்று வருகிறது' என்று நல்ல பிள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. பிறகு சொற்கள் வந்து கொட்ட ஆரம்பித்தன.

'மைனா மைனா என்ன ஆச்சு மைனா கண்ணைத் திற மைனா தண்ணி குடி மைனா என்னைப் பாரு'

அது நைனா. போனுக்கு அந்தச் சொல் தெரியாது, அவ்வளவுதான். மற்ற எல்லோருக்கும் அது ஒரு பறவை. பயிற்றுநர் உருகிப்போனார்: "பாருங்கள், அறைக்குள் ஒரு பறவை செத்துக்கொண்டிருக்கிறது! நிறுத்தக்குறி ஒன்றுகூட இல்லை. அந்தப் பதற்றத்தைக் கவனியுங்கள்!"

மைக்கை அழுத்தினேன். திறக்கவில்லை. 'அது அவங்க அப்பா' என்று சாட்டில் அடித்தேன். 'அருமை', 'கண்ணீர் வந்துவிட்டது', கைதட்டும் பொம்மைகள் என்று குவிந்து அதை மேலே தள்ளிவிட்டன. அவளைப் போனில் கூப்பிட்டேன். மணி அடித்ததும் கோப்பில் எழுத்து பாதியில் அறுந்தது.

'மைனா போகாதே மை'

"ஆகா, மை!" என்றார் பயிற்றுநர். "பறவையோடு எழுதும் மையும் தீர்ந்துவிட்டது என்கிறார். என்ன முடிவு!" அவரைப் பளாரென்று அறைய வேண்டும் போலிருந்தது. இப்போதும் அந்த ஆத்திரம் தீரவில்லை.

அம்பத்தூரில் என் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடினேன். அக்கம்பக்கத்தவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். வீடு திறந்து கிடந்தது. கட்டிலுக்கு அடியில் போன். தரையில் லேப்டாப் இன்னும் பேசிக்கொண்டிருந்தது: "அனைவரும் வருகைப் பதிவை மறக்காமல் நிரப்பவும்." அதை மூடினேன். மதியம் வேனில் அவரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டதாம்.

காரியம் முடிந்து அவள் பள்ளிக்கு வந்த வாரம் சான்றிதழும் வந்தது, சிறப்புப் பாராட்டோடு. சிறந்த எழுத்துகளின் தொகுப்பு என்று ஒரு கோப்பும் வந்தது. அதில் முதல் பக்கத்திலேயே மைனா. ஆசிரியர் அறையில், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "அக்கா, எங்க நைனாவ மைனான்னு போட்டுகீறாங்க. அத்த மட்டும் மாத்தச் சொல்லுங்கக்கா."

யாரும் சிரிக்கவில்லை.

பயிற்சி நடத்தியவர்களுக்கு நடந்ததை எல்லாம் விவரமாக எழுதி அனுப்பினேன். பதில் வந்தது. ஆழ்ந்த இரங்கலாம். தொகுப்பு இறுதியாகிவிட்டதாம். மேலும் 'நைனா' என்பது கொச்சைச் சொல், மாணவர்கள் படிக்கும் தொகுப்புக்கு உகந்ததல்ல, 'மைனா' கவித்துவமாகவே இருக்கிறது. என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து அவளும் அதைப் படித்தாள். நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் வாயில் வரக் கூடாததெல்லாம் வந்தது.

மறுநாள் தலைமையாசிரியை, பள்ளிக்குப் பெருமை என்று அந்தப் பக்கத்தைப் பெரிதாக அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். மூலையில் ஒரு மைனா படம் வேறு. பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தபோது, அவள் பலகை முன்னால் போய் நின்றாள். நோட்டுத் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்து, ஒவ்வொரு 'மை'யையும் அடித்து, மேலே 'நை' என்று எழுதினாள்.

தலைமையாசிரியை ஓடி வந்தார். "என்னம்மா பண்றீங்க? எதுக்குக் கிறுக்கறீங்க?"

"எழுத்துப்பிழை மேடம்" என்றாள், திரும்பிப் பார்க்காமல். கடைசியில் பாதியில் நின்றிருந்த அந்த 'மை'யையும் அடித்து, 'நை' என்று எழுதி, பக்கத்தில் விட்டுப்போன 'னா'வைச் சேர்த்தாள்.