கம்பெனி செய்த ஓரணா மொய்

எட்டாவது வரை படித்தவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன், எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சண்டைக் காலத்தில், பெட்ரோல் கிடைக்காமல் கரியைப் போட்டு பஸ் ஓட்டிய நாளில், புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளையும் இல்லை, நிலமும் இல்லை. கை கால் ஓய்ந்த பிறகு எதைச் சாப்பிடுவது என்ற கவலை எங்கள் இருவருக்கும் இருந்தது. அப்போதுதான் கம்பெனியில் பிராவிடண்ட் பண்டு ஆரம்பித்தார்கள். சம்பளத்தில் ரூபாய்க்கு ஓரணா பிடிப்பார்கள். கம்பெனியும் ஓரணா போடும். வேலையை விடும்போது மொத்தமாகக் கைக்கு வரும். கட்டும் பணத்துக்கு வருமான வரி கிடையாது. என் சம்பளத்தை வரி எட்டிக்கூடப் பார்க்காது. இருந்தாலும் வரியில்லை என்று கேட்டதும் பெரிய மனிதனாகிவிட்டது போல இருந்தது. சேருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

என் மனைவி ஆலங்குடிப் பக்கத்துக்காரி. காதுகுத்துக்கு ஒருவர் மொய் செய்தால், அவர் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூட வைத்துத் திருப்பிச் செய்வார்கள் அங்கே.

“ஏங்க, அவங்க ஓரணா செஞ்சா நாம ஒன்னரையணாவாச்சும் செய்ய வேணாமா?”

“இது மொய் இல்ல புள்ள.”

“ஒறவு இல்லாதவங்க நமக்குக் காசு போடுறாங்க. பின்ன என்னங்க அது?”

மறுநாள் ஆபீஸுக்குப் போனேன். நாங்கள் கொஞ்சம் கூடக் கட்டலாமா என்று மானேஜரிடம் கேட்டேன்.

“ஓரணாதான்யா உச்சம். அதுக்கு மேல கட்ட ரூல் இல்ல” என்றார்.

வீட்டில் சொன்னதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. மொய்யை வாங்க மறுப்பது உறவை அறுப்பது போல. “நம்ம காசு வேணாம்னா அவங்க காசும் நமக்கு வேணாம். கையெழுத்துப் போடாதீங்க.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளே ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, தேங்காய், மலை போல அவித்த கடலை. நான் அலமாரிப் பக்கம் ஒதுங்கிக்கொண்டேன்.

“ஐயா, காசா வாங்க மாட்டீங்களாம். இதையாச்சும் வாங்குவீங்களா, மாட்டீங்களா?”

மானேஜர் தாம்பாளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“ரூல்ல காசுக்குத்தாம்மா வரம்பு. கடலைக்கு ஏது?”

“வரியும் இல்லைல்ல?” என்றாள் அவள்.

ஆபீஸே சிரித்தது. கண்டக்டர்கள் இங்கிட்டும் அங்கிட்டும் கை நீட்டித் தாம்பாளத்தைக் காலி செய்துவிட்டார்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் நடையே தனியாக இருந்தது.

“பாத்தீங்களா? கூடத்தான் செஞ்சிருக்கோம். நாளைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க.”

மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டேன். மற்றபடி எல்லாம் வழக்கம்போலத்தான்; ஆலங்குடி பஸ் அன்றும் தாமதமாக வந்தது.