சத்தமுள்ள பள்ளிக்கூடம்

வாவிக்கு மேற்கே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். எனக்கோ நேர்ஸ் ஆக வேண்டும். சின்ன வயதில் கை முறிந்து டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு நேர்ஸ் டாக்டரோடேயே இங்கிலீஷில் வாதாடி என் கட்டை அவிழ்த்து மாற்றிப் போட வைத்தாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

அக்கரையில் சின்னம்மா வீடு இருந்ததால் தங்குவதற்குக் கவலையில்லை. அங்கே இரண்டு பள்ளிக்கூடங்கள். ஒன்று கன்னியாஸ்திரிகள் நடத்திய இங்கிலீஷ் பள்ளிக்கூடம், மற்றது தமிழ்ப் பள்ளிக்கூடம். எது நல்லது என்று பார்த்துவர அப்பா சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு தோணி ஏறினார். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. இரண்டு வேலிக்கும் வெளியே நின்று காது கொடுத்துவிட்டு வந்தார்.

"இங்கிலீஷ் பள்ளிக்கூடம் சரிவராது மகள். ஒரு சத்தமும் இல்ல. பிள்ளையள் வாயப் பொத்திக்கிட்டு இருக்குதுகள். மற்றதுல வாய்ப்பாடு சொல்லுற சத்தம் துறைவரைக்கும் கேக்குது."

"சத்தத்த வெச்சு என்னப்பா செய்யிற?"

"சூடடிக்கிற களத்துல பொலிப்பாட்டு நிண்டா என்ன அர்த்தம்? வேலை நடக்கல்ல எண்டுதானே?"

களத்தில் அது சரி. மாடுகள் கதிர் மிதித்துச் சுற்றும்போது பாட்டு நின்றால், ஆட்கள் தூங்கிவிட்டார்கள். அந்த ஞாயத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனால் என்ன செய்வது? நேர்ஸுக்கு இங்கிலீஷ் வேண்டும் என்று அழுதேன், சோற்றைத் தள்ளிவிட்டுக் கிடந்தேன். "நல்லாப் படிச்சா எல்லாம் வரும்" என்று சொல்லிவிட்டு அப்பா வட்டையில் வயல் பார்க்கப் போய்விட்டார்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தொண்டை கட்டக் கத்திப் படித்தேன். எட்டாம் வகுப்பில் நான்தான் முதலாவது. அப்பா பெருமையோடு என்னை நேர்ஸ் வேலை பழகச் சேர்த்துவிட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே பெரிய நேர்ஸ் கேட்டது ஒன்றே ஒன்று.

"இங்கிலீஷ் எத்தினையாம் வகுப்பு?"

"படிக்கல்ல" என்றேன். அவ்வளவுதான், கதை முடிந்தது. அப்பா விடவில்லை. அங்கிருந்து நேரே கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். தலைமைக் கன்னியாஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இங்கிலீஷ் தெரியாட்டி முதலாம் வகுப்புலதான் இருத்த வேணும். இந்த வயசுல அது ஏலாது. அஞ்சாம் வகுப்பு முடிஞ்ச கையோட கொண்டு வந்திருந்தா, எப்பிடியும் சேர்த்திருப்பன்."

இந்தச் சொல்லைக் கேட்கவா அவ்வளவு கத்தினேன்?

நாங்கள் வாசல் படலையைத் தாண்டும்போது இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் முற்றம் முழுக்க ஓடிப்பிடித்து ஒரே கூச்சல். அப்பா நின்றுவிட்டார். வேலியோரம் தலையைச் சாய்த்து நெடுநேரம் கேட்டார்.

"இப்பதான் மகள், இந்தப் பள்ளிக்கூடம் நல்லா வந்திரிக்கு" என்றார்.

நான் துறைக்கு நடந்தேன். அந்தப் போகம் களத்து ஆட்களுக்கு நான்தான் சோறாக்கினேன்.