ஏரிக்கரைக்கு ஒரு பெல்

1. மாவுக்கட்டோடு வந்தவர்

கள்ளக்குறிச்சியில் நான் சைக்கிள் கடை வைத்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. டியூப் வெடித்தது, செயின் கழன்றது, சீட்டில் உட்கார முடியவில்லை என்று தினமும் ஏதாவது ஒரு புகார் வரும். ஆனால் நான் விற்ற பொருளால் கையை ஒடித்துக்கொண்டு, அந்தக் கையையே சாட்சியாகத் தூக்கிக் காட்டியபடி கடைக்கு வந்தவர் ஒரே ஒருவர்தான்.

அவர் பெயர் தணிகாசலம். நெல் அரைவை மில்களில் ஃபோர்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் ஏரிக்கரையில் நடக்கிற கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். ஒரு கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மாவுக்கட்டு போட்டிருந்தது.

"அந்த ஆம்புலன்ஸை வித்தது நீங்கதானா பாய்?" என்றார்.

நான் ஆம்புலன்ஸ் விற்பதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் விஷயம் உறைத்துவிட்டது. பேட்டரி ஹாரன்! ஹேண்டில்பாரில் மாட்டுகிற சின்னப் பெட்டி. ஒரே பட்டன், ஆறு விதச் சத்தம். ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டி, நாய் குரைப்பது, குழந்தை அழுவது என்று எல்லாம் அதில் உண்டு. பத்து நாள் முன்பு சத்யா என்கிற பெண்ணுக்கு விற்றிருந்தேன்.

"பின்னாடி ஆம்புலன்ஸ் வந்தா மனுசன் இன்னா பண்ணுவான்? ஒதுங்குனேன். கரையில ஒதுங்க எங்க எடம் இருக்கு? நேரா காட்டாமணக்குப் பொதர்ல போய் உழுந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கட்டைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"ஞாயித்துக்கெழம கூட்டம் போடுறோம். கரையில இனிமே சைக்கிளே கூடாதுன்னு எழுதி, எல்லாரும் கையெழுத்து போட்டு நகராட்சியில குடுக்கப்போறோம். சைக்கிள் நொழையாம கரையோட ரெண்டு மொனையிலயும் கம்பி நட்டுருவாங்க. ஒங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்.

2. சத்யா சொன்னது

மத்தியானம் சத்யாவே வந்தாள். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர். டவுனில் ரவிக்கை தைக்கிற இடத்தில் வேலை. மெயின் ரோட்டில் வந்தால் கரும்பு டிராக்டர்களுக்கு நடுவில் ஓட்ட வேண்டும். போன வருஷம் ஒரு டிராக்டரில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த கரும்பு அவள் துப்பட்டாவை இழுத்து, சைக்கிளோடு தள்ளிவிட்டிருக்கிறது. நல்லவேளை, மண் பக்கமாக விழுந்தாள். அன்றிலிருந்து ஏரிக்கரைதான் அவளுக்குப் பாதை.

"கம்பி நட்டுட்டா நான் வேலைய வுட வேண்டிதுதான் பாய். அந்த ரோட்ல மறுபடி போவ மாட்டேன்."

"ஏம்மா, அந்தச் சத்தத்தையா வெக்கணும்? நாய் கொரைக்கிறத வெச்சிருக்கலாமில்ல?"

"நீங்கதான் பாய் ஆம்புலன்ஸ்ல செட் பண்ணிக் குடுத்தீங்க."

உண்மைதான். புதுச் சரக்கு வந்தால் கடைக்காரனுக்குக் கொஞ்சம் கிறுக்குப் பிடிக்கும். அந்த ஹாரனை வாங்கச் சொல்லி அவளை வற்புறுத்தியவன் நான். அவள் கேட்டது சத்தமான பெல். நான் கொடுத்தது சைரன்.

"இருந்த பெல்லே நல்ல பெல்லாச்சே. ஏன் மாத்துன?"

"மத்தவங்கள்லாம் ஒதுங்கிடுவாங்க பாய். அந்த சார் மட்டும் ஒதுங்க மாட்டாரு. எவ்ளோ அடிச்சாலும் நடுவுலயே போய்க்கினு இருப்பாரு. ரெண்டு தரம் மோத இருந்தேன். அன்னிக்குக் கூட மொதல்ல பழைய பெல்லத்தான் அடிச்சேன். அதச் சொன்னா, பொய் சொல்றன்றாரு."

ஹாரனைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏதாவது செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். என்ன செய்வது என்று எனக்கே தெரியாது.

3. பையில் ஐந்து பெல்

மறுநாள் காலை, கடையில் இருந்த பெல்களில் விதவிதமாக ஐந்தைப் பையில் போட்டுக்கொண்டு, என் சைக்கிளில் ஏரிக்கரைக்குப் போனேன். பெல் விற்று இவ்வளவு காலம் ஆகியும், ஒரு பெல் பாதையில் எப்படிக் கேட்கிறது என்று நான் போய்ப் பார்த்ததே இல்லை. கடைக்குள் எல்லாப் பெல்லும் நன்றாகத்தான் கேட்கும்.

முதலில் ரப்பர் பந்தை அமுக்குகிற பாம் பாம் ஹாரன். அடித்ததும் கரைக்குக் கீழே இருக்கிற வீட்டிலிருந்து ஓர் அம்மா தட்டோடு வந்து, "பன்னு இன்னா வெல?" என்றார். அதைப் பையில் போட்டேன்.

அடுத்தது கட்டைவிரலால் தள்ளுகிற வழக்கமான ட்ரிங் ட்ரிங். முன்னால் போன நாலு பேரில் இரண்டு பேர் இடப்பக்கம் பாய்ந்தார்கள், ஒருவர் வலப்பக்கம் பாய்ந்தார். நான் மிக நெருங்கிப் போய் அடித்ததுதான் தப்பு. நாலாவது ஆளான தணிகாசலம் மட்டும் நடுவிலேயே நேராக நடந்துகொண்டிருந்தார்.

பிறகு பித்தளையில் சின்னதாக ஒரு பெல். டிங் என்று ஒரே ஒரு சத்தம், கேட்க இனிமையாக இருக்கும். கரியாலூர் மலைக்கு சைக்கிள் ஓட்டிப் போகிற பையன்கள் இதைத்தான் விரும்பி வாங்குவார்கள். மலைப் பாதையில் எதிரே வருவது பஸ். அதற்கு எந்தப் பெல்லும் போதாது என்பதால் அழகுக்கு மாட்டிக்கொள்கிறார்கள். அதைத் தள்ளி நின்று அடித்தேன். மூன்று பேர் பதறாமல் ஒதுங்கினார்கள். தணிகாசலம் ஒதுங்கவில்லை.

"ஃபோர்மேன் யாருக்கும் வழி வுட மாட்டாருங்க" என்று கூட நடந்தவர் சிரித்தார். "மில்லுல இருந்த கெத்து இன்னும் போவல."

நான் இறங்கி, அவருக்கு இடப்பக்கமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். "சார், கை எப்பிடி இருக்கு?" என்றேன். பதில் இல்லை. கோபம் என்று நினைத்தேன். வலப்பக்கம் போய், முகத்தைப் பார்த்து அதையே கேட்டேன். "நமைச்சல்தான் ஜாஸ்தி பாய்" என்று சாதாரணமாகச் சொன்னார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கெத்துமில்லை, கோபமுமில்லை. மில் சத்தத்தில் காது போயிருக்கிறது. கூட நடக்கிறவர்களுக்கும் அது தெரியாது. திமிர் பிடித்தவர் என்று பேர் வந்தாலும் பரவாயில்லை, காது கேட்காதவர் என்று வரக் கூடாது என்று அவர் இருந்திருக்க வேண்டும். அல்லது அவருக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம்.

அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "சார், சாயங்காலம் நீங்க மட்டும் மதகுகிட்ட வர்றீங்களா? கரைக்கு எந்தப் பெல்லு சரியா இருக்கும்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றேன். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மெஷின் பார்த்த ஆளிடம் ஒரு பொருளைச் சோதித்துத் தரச் சொன்னால் மறுப்பாரா?

4. மதகடியில்

சரியான நேரத்துக்கு வந்தார். மதகைப் பார்த்து நிற்கச் சொன்னேன். "திரும்பக் கூடாது சார். கேட்டதும் கையத் தூக்குங்க." முப்பது அடி எண்ணிப் பின்னால் வந்தேன்.

சின்ன டிங் அடித்தேன். கை எழவில்லை. ட்ரிங் ட்ரிங் அடித்தேன். எழவில்லை. அதே மாதிரி இன்னொரு கம்பெனி பெல்லையும் அடித்தேன். பாம் பாம் கூட அடித்தேன். ஒவ்வொன்றாக அடித்து என் காலடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

"இன்னா பாய், எவ்ளோ நேரம் நிக்கிறது? ஆரம்பிங்களேன்" என்றார்.

நாலு பெல் முடிந்திருந்தது.

கடைசியாக ஐந்தாவதை எடுத்தேன். சாயாக் கிளாஸ் வாயைவிடப் பெரிய மூடி போட்ட டிங் டாங் பெல். பழைய மாடல் என்று யாரும் வாங்காமல் மேல் தட்டில் கிடந்தது. சத்தம் கீச்சென்று இருக்காது. கனமாக, தாழ்ந்து, இரண்டு தரம் ஒலித்து, கொஞ்ச நேரம் நிற்கும். அடித்தேன்.

மாவுக்கட்டு போட்ட கை சட்டென்று மேலே போனது.

சந்தோஷமாகத் திரும்பியவர் என் காலடியைப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணுவது கண்ணிலேயே தெரிந்தது.

"இதெல்லாம் அடிச்சீங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். "அடிச்சேன் சார்."

மதகுச் சுவரில் உட்கார்ந்தார். "வூட்டுல டிவி சவுண்டு ஜாஸ்தின்னு தெனம் சண்ட பாய். டிவிதான் ரிப்பேர்னு சொல்லிக்கினு இருந்தேன்" என்றார். பிறகு, "அப்போ அந்தப் பொண்ணு அடிச்சிருக்குது. நான்தான் பொய்யின்னேன்" என்றார்.

மறுநாள் காலை அவரே கரையில் சத்யாவை நிறுத்திப் பேசியிருக்கிறார். டிங் டாங் பெல்லை மாட்டிக்கொள்ளக் கடைக்கு வந்தபோது அவள்தான் சொன்னாள்.

"நீ அடிச்சது எனக்குக் கேக்கலம்மா, மனசுல வெச்சிக்காதன்னாரு பாய். அப்பறம், இத யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காதன்னாரு." அவள் என்னிடம் சொன்னதோடு நிறுத்தினாள். நான் பெயரை மாற்றி இங்கே எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவர் பேசியது வேறு. "கோளாறு பெல்லுலதான். நானே செக் பண்ணி மாத்திட்டேன்" என்று முடித்துவிட்டாராம். கையெழுத்துக்கு வைத்திருந்த தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாராம்.

திங்கட்கிழமை, பெல் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க நானும் போயிருந்தேன். சத்யா தூரத்திலேயே ஒரு தரம் அடித்தாள், வேகத்தைக் குறைத்தாள். தணிகாசலம் திரும்பாமலே இடப்பக்கம் ஒதுங்கினார். கூட வந்த மூன்று பேரும் ஏதோ அரசியல் பேச்சில் நடுவிலேயே போய்க்கொண்டிருந்தார்கள். நல்ல கையால் ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "யோவ், காது கேக்கல?" என்று அவர் போட்ட அதட்டல் எதிர்க்கரை வரை கேட்டிருக்கும்.

மிச்சமிருந்த பேட்டரி ஹாரன்களை, கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒருவர் மரவள்ளிக் காட்டில் பன்றி விரட்ட வாங்கிப் போனார். பன்றிகளிடமிருந்து இதுவரை புகார் வரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்று உண்டு. நல்ல சத்தமாக ஒரு பெல் வேண்டும் என்று கேட்டுத்தான் எல்லோரும் வருவார்கள். உடனே தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். எந்தப் பாதையில் ஓட்டுகிறார், அங்கே நடப்பவர்கள் யார் என்று முதலில் கேளுங்கள். தூரத்திலேயே ஒரு தரம் அடித்து, மெதுவாகப் போகச் சொல்லுங்கள். வாங்குகிறவர் காதுக்கு இனிமையாக இருப்பதைத்தான் நான் இத்தனை வருஷமும் விற்றுக்கொண்டிருந்தேன். பெல் கேட்க வேண்டியது முன்னால் நடந்து போகிறவருக்கு. அவர் என் கடைக்கு வருவதே இல்லை. ஒரே ஒருவர் வந்தார், அதுவும் கை ஒடிந்த பிறகு.